அப்பான்ரை பெருவிரலும் ரெண்டு ஸ்குறூவும்

"ஓம் டொக்டர், நடந்தனான்" எண்டு அப்பா சொல்லிப்போட்டார்.

பொய்யடி டிலக்ஷி. பச்சைப் பொய். கால் ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பா ஒரு நாளும் கள்ளமா நடக்கேல்லை. ஆனா டொக்டருக்கு முன்னாலை, அம்மாவுக்கு முன்னாலை, கிளினிக் வாசலிலை வரிசையிலை இருந்த சனமெல்லாம் கேக்கத்தக்கதா, தலையைக் குனிஞ்சுகொண்டு சொல்லுறார். இவையள் படுத்தாப் பிறகு கள்ளமா எழும்பிக் கடற்கரைக்குப் போய் மீன்பிடிப் போட்டைப் பாத்திட்டு வந்தனான், ஒருக்கா இல்லை, கன தரம் எண்டு. நான் பக்கத்திலை எக்ஸ்றேக் கவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அப்பா திரும்பி என்னைப் பாத்தார். வாயைத் திறக்காதை எண்ட பார்வை.

நான் திறக்கேல்லை. வொய்ஸ் போட்டால் அம்மாவுக்குக் கேக்கும், மறைப்புச் சீலைக்கு அங்காலைதான் படுத்திருக்கிறா, அதுதான் எழுதுறன். நீ அச்சுவேலிக்குப் போனாப் பிறகு இஞ்சை நடந்தது ஒண்டும் உனக்கு வடிவாத் தெரியாது. ஆருக்கும் சொல்லாட்டில் எனக்கு விசர் பிடிச்சிடும். நித்திரையெண்டால் விடிய எழும்பிப் பார்.

அப்பாவுக்கு வலது கால் பெருவிரல் கனகாலமா நோ. விரல் பாதத்தோடை சேருற மூட்டு இருக்கெல்லோ, அது தேஞ்சு போச்சு. எலும்போடை எலும்பு உரசிக்கொண்டு இருந்தது. போட்டைத் தள்ளேக்கை உன்னுறது அந்த விரலிலைதான். விளிம்பிலை காலைக் குடுத்து வலை இழுக்கேக்கை பிடி அந்த விரல்தான். கடைசியிலை தள்ளவே ஏலாமல் போய், கிறகோரி மாமா வந்து தள்ளிவிட்டால்தான் அப்பா ஏறுவார். மாமா சும்மா விடுவாரோ. "எமில், உமக்கு நரை தலையிலை வரேல்லை, விரலிலைதான் வந்திருக்கு" எண்டு கரை முழுக்கக் கேக்கச் சொல்லுவார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். வீட்டை வந்து சுடுதண்ணிக்குள்ளை காலை வைச்சுக்கொண்டு பல்லைக் கடிப்பார்.

எலும்பு டொக்டர் படத்தைப் பாத்திட்டு மருந்தாலை சரிவராது எண்டார். தேஞ்ச மூட்டைச் சுரண்டி எடுத்துப்போட்டு ரெண்டு எலும்பையும் ஒண்டோடை ஒண்டா ஒட்ட விடுறதாம். பேந்து அந்த விரல் மடங்காது. மடங்காட்டில் நோகாது.

"அப்ப விரலுக்கு நங்கூரம் போடப்போறியள்" எண்டார் அப்பா. டொக்டருக்குச் சிரிப்பு வந்திட்டுது.

பிறகு டொக்டர் ஒரு கடுதாசியிலை கீறிக் காட்டினவர். எலும்பு தானா ஒட்டுமட்டும் ரெண்டு துண்டையும் அசையாமல் பிடிச்சு வைச்சிருக்க ஏதும் வேணும். முந்தின காலத்திலை வயராலை கட்டினவையாம். இப்ப ரெண்டு வழி. ஒண்டு, ரெண்டு ஸ்குறூவைக் குறுக்கும் மறுக்குமா, பெருக்கல் குறி மாதிரி, எலும்புக்கு உள்ளாலை இறக்குறது. மற்றது, எலும்புக்கு மேலாலை பிளேற் எண்டு சின்னத் தகடு ஒண்டை வைச்சு, அதைச் சின்னச் சின்ன ஸ்குறூவாலை இறுக்கிறது. அப்பா கீறினதைப் பாத்திட்டுச் சொன்னார், போட்டிலை வெடிப்பு வந்தால் வெளியாலை பைபர் ஒட்டுறது மாதிரித்தான் உந்தப் பிளேற், மற்றது உள்ளாலை போல்ற் போடுறது மாதிரி. டொக்டர் ஓம் எண்டார்.

"கடலுக்கு எது தாங்கும் டொக்டர்?"

"கடலைத் தாங்கப்போறது எலும்பு ஐயா. உதுகள் எலும்பு ஒட்டுமட்டும் காவல் நிக்கிற ஆக்கள்."

நான் அண்டைக்கு வீட்டை வந்து போனிலை தேடி வாசிச்சனான். எல்லாம் இங்கிலீசிலை, பாதி விளங்கேல்லை. ஆனா விளங்கினது, ரெண்டிலையும் பெரும்பாலான ஆக்களுக்கு எலும்பு ஒட்டுது. பெரிய வித்தியாசம் இல்லை. பிளேற்றோடை ஒரு ஸ்குறூவும் சேர்த்துப் போட்டால் கொஞ்சம் கூடின உறுதி, அவ்வளவுதான். செத்த ஆக்களின்ரை கால் எலும்பை மிசினிலை பூட்டி, விரலை மேலுக்கு வளைச்சு விட்டு, வளைச்சு விட்டு, எத்தினையாவது தரத்திலை முறியுது எண்டு பாத்திருக்கினம். அதை வாசிக்கேக்கை எனக்குச் சிரிப்பு வந்தது, ஆர் காலை இப்பிடி வளைச்சுக்கொண்டு இருக்கப்போகினம் எண்டு. இப்ப அந்த மிசின் கண்ணுக்கு முன்னாலை வந்து வந்து போகுதடி.

பிளேற் எண்டால் தோலுக்குக் கீழை தட்டுப்படும், அந்த இடத்திலை மெல்லிய தோல், சில ஆக்களுக்குப் பிறகு கழட்ட வேண்டியும் வரும் எண்டு டொக்டர் சொன்னவர். அப்பா தன்ரை பாட்டாச் செருப்பைக் காட்டினார். வார் சரியா அந்த இடத்துக்கு மேலாலைதான் போகுது. அதாலை ஸ்குறூவே போடுவம் எண்டு முடிவாச்சு. ஆரிலையும் பிழையில்லை. நான் வாசிச்சதைச் சொன்னனான், அப்பா செருப்பைப் பாத்தார், டொக்டர் சரி எண்டார். அந்த ஒப்பரேசன் நல்லாத்தான் முடிஞ்சது.

வீட்டை விடேக்கை ஒரு சப்பாத்துக் குடுத்தவை. குதிக்காலிலை மட்டும் பாரம் போற மாதிரி, முன்பக்கம் தரையிலை படாத சப்பாத்து. ஆறு கிழமைக்கு அது இல்லாமல் நடக்கப்படாது, சப்பாத்தோடையும் கக்கூசுக்கு மட்டும், மற்றபடி காலை உயத்தி வைச்சுக்கொண்டு இருக்க வேணும் எண்டு நேர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னவ. அம்மா அதை வேதவாக்கு மாதிரி எடுத்தா. அப்பான்ரை செருப்பை ஒளிச்சு வைச்சா. சாப்பாடு கட்டிலுக்கு. தண்ணி கட்டிலுக்கு. கிறகோரி மாமா பாக்க வந்தவர், "எமில், உம்மை மாப்பிள்ளை எடுத்த அண்டைக்கும் இவ்வளவு கவனிக்கேல்லை" எண்டார். அப்பா ஒரு அடி, ஒரே ஒரு அடி அந்தச் சப்பாத்து இல்லாமல் நடக்கேல்லை. நான் சத்தியம் பண்ணுவன்.

ஆனா செபமாலை சொல்லேக்கை சப்பாத்தைக் கழட்டினவர்.

இதைத்தான் என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லை.

உனக்குத் தெரியும்தானே, எங்கடை றஜி அண்ணையைக் கடல் கொண்டுபோனாப் பிறகு அம்மா எப்பிடி இருந்தவ எண்டு. நீ இருக்கேக்கைதானே. செபமாலையைத் தொடேல்லை. பூசைக்குப் போகேல்லை. மாதா சுரூபத்தை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினவ. பங்குச் சுவாமி வீட்டை வந்து கதைச்சும் அவ கேக்கேல்லை. அண்ணை கடலுக்குப் போன அண்டைக்குக் காலமை தடிமன் எண்டு தான் செபம் சொல்லாமல் படுத்திருந்தவவாம். அதாலைதான் அண்ணை போனது எண்டு இண்டைக்கும் நினைக்கிறா. அப்பா எத்தினை தரம் சொல்லியும் அந்த நினைப்பை எடுக்கேலாது.

அப்பிடி இருந்தவ, ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் அலுமாரியைத் திறந்தா. சுரூபத்தை எடுத்துத் தூசு துடைச்சுப் பழைய இடத்திலை வைச்சா. மெழுகுதிரி கொளுத்தினா. நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம், ஒண்டும் கதைக்கேல்லை, கதைச்சால் திரும்பப் பூட்டிவிடுவாவோ எண்ட பயம். அண்ணைக்குப் பிறகு அவ மாதாட்டைக் கேட்ட முதல் விசயம் அப்பான்ரை விரலடி. விரல் ஒட்டுமட்டும் ஒவ்வொரு பின்னேரமும் மூண்டு பேருமா முழந்தாளிலை நிண்டு செபமாலையின்ரை அஞ்சு பத்து மணியும் முழுசாச் சொல்லுறதெண்டு நேர்த்தி வைச்சா.

நோ தொடங்கின காலத்திலை இருந்து அப்பாவாலை முழந்தாளிலை நிக்க ஏலாது. கோயிலிலை எல்லாரும் முழந்தாளிலை நிக்கேக்கை அவர் மட்டும் கடைசி வாங்கிலை குந்திக்கொண்டு இருப்பார். அம்மாவுக்கு அது ஒரு குறை. ஒப்பரேசன் முடிஞ்சு வீட்டை வந்தாப் பிறகு, கதிரையிலை இருந்து சொல்லுங்கோ எண்டுதான் அம்மாவே சொன்னவ. அப்பாதான் கேக்கேல்லை. ஒருக்கா நிண்டு பாப்பம் எண்டார். சுரூபத்துக்கு முன்னாலை காலிலை ஒண்டும் போடக்கூடாது எண்டு சப்பாத்தைக் கழட்டினார். அம்மா ஒரு முழங்கையைப் பிடிச்சா, நான் மற்றதைப் பிடிச்சன். நடக்கக்கூடாதெண்டு கட்டிலுக்குப் பக்கத்திலையே சுரூபத்தைக் கொண்டந்து வைச்சிருந்தம். அவ்வளவு கவனம். அப்பா மெதுவா இறங்கினார். விரலை ஊண்டி, குதிக்காலை உயத்தி, எல்லாரும் நிக்கிற மாதிரித்தான். நோகேல்லை. ஒப்பரேசனாலை விரல் மேற்பக்கம் விறைச்சுப்போய் இருந்தது, உணர்ச்சி இல்லை. நாங்கள் நினைச்சது விரல் சுகமாகீற்றுது எண்டு.

"மக்டலீன், நோகேல்லை" எண்டு அப்பா சொல்லேக்கை அம்மான்ரை முகத்தை நீ பாத்திருக்க வேணும். றஜி அண்ணை போனாப் பிறகு அப்பிடி ஒரு முகம் நான் காணேல்லை.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும். செபமாலை முடியுமட்டும் நிப்பார். எழும்பேக்கை அந்த விரலிலை உன்னி எழும்புவார், நாங்கள் ரெண்டு பேரும் பிடிச்சுத் தூக்குவம். நடக்கக்கூடாது எண்டுதானே சொன்னவை. முழந்தாளிலை நிக்கிறது நடக்கிறது எண்டு எங்களிலை ஒருத்தருக்கும் தோண்டேல்லை. முதல் தரம் கிளினிக்குக்குப் போகேக்கை காயம் நல்லா ஆறியிருக்கு எண்டு தையலை வெட்டி விட்டவை. அம்மாவுக்கு அது போதும். இன்னும் உருக்கமாச் சொல்லத் தொடங்கினா. ஆறு கிழமை முடிஞ்சும் விடேல்லை. விரல் ஒட்டிற்றுது எண்டு டொக்டர் வாயாலை சொல்லுமட்டும் நேர்த்தி நேர்த்திதான்.

பிறகு விரல் வீங்கத் தொடங்கிச்சு. ஒரு சாமான் உள்ளுக்கை கிறுக்கெண்டு அசையிற மாதிரி இருக்கு எண்டு அப்பா சொன்னார். அதுதான் இண்டைக்கு நேரத்தோடை கூட்டிக்கொண்டு போனனாங்கள்.

டொக்டர் புதுப் படத்தை வெளிச்சப் பெட்டியிலை மாட்டினவுடனை எனக்கே தெரிஞ்சுது. ஒரு ஸ்குறூ நடுவாலை ரெண்டாக் கிடக்கு. மற்றது முறியேல்லை, ஆனா எலும்பை விட்டுக் கழண்டு வெளியாலை தள்ளிக்கொண்டு நிக்குது. ரெண்டு எலும்புக்கும் நடுவிலை கறுப்பா ஒரு கோடு. ஒட்டவே இல்லை. டொக்டர் பேனையாலை அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். அவர் கோவப்படுற ஆளில்லை. அம்மாட்டைத்தான் முதல் கேட்டார், இவர் நடந்தவரோ எண்டு. இல்லை டொக்டர், நான் நடக்க விடவே இல்லை எண்டா அம்மா.

"அம்மா, ஸ்குறூ தன்ரை பாட்டிலை முறியாது" எண்டார். விழுந்து ஒரே நாளிலை முறிஞ்சதும் இல்லை எண்டார். மேசையிலை கிடந்த கடுதாசிக் கிளிப் ஒண்டை எடுத்து நிமித்தி, வளைச்சு நிமித்தி வளைச்சு நிமித்தி, நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கத்தக்கதா முறிச்சுக் காட்டினார். இப்பிடித்தான் நடந்திருக்கு, விரலை ஒவ்வொரு நாளும் மேலுக்கு வளைச்சிருக்கு எண்டார். பிறகு கதிரையிலை இருந்தபடியே தன்ரை சப்பாத்துக் காலைப் பின்னாலை இழுத்து, குதிக்காலை உயத்தி, முன்விரலை மட்டும் தரையிலை ஊண்டிக் காட்டினார்.

"இந்த மாதிரி. முழுப் பாரமும் விரலிலை. நடக்கேக்கை பின்கால் இப்பிடித்தான் நிக்கும்."

டிலக்ஷி, நடக்கேக்கை மட்டுமில்லை எண்டு எனக்கு அந்த இடத்திலை விளங்கிற்றுது. அந்தக் கால் நிண்ட மாதிரியை நான் ஒவ்வொரு பின்னேரமும் பக்கத்திலை நிண்டு பாத்தனான். அப்பாவைப் பாத்தன். அவருக்கும் விளங்கிற்றுது. அம்மாவுக்கு விளங்கேல்லை. அவ டொக்டரை எப்பிடியும் நம்பப்பண்ண வேணும் எண்ட அவதியிலை, "நாங்கள் நடக்க விடேல்லை டொக்டர், மாதாவாணை, நாங்கள் ஒவ்வொரு நாளும் அவரை முழந்..." எண்டு தொடங்கினா.

அப்பதான் அப்பா குறுக்கை விழுந்து, ஓம் டொக்டர், நடந்தனான் எண்டது.

அம்மா குனிஞ்சு அப்பான்ரை சப்பாத்தைப் பாத்தா.

டொக்டர் படத்தைக் கழட்டிக் கவருக்குள்ளை வைச்சார். முதல் ஒப்பரேசனுக்கு ஸ்குறூவும் பிளேற்றும் ஏறக்குறைய ஒண்டுதான், இனி அப்பிடி இல்லை எண்டார். ஸ்குறூ கழண்ட இடத்திலை எலும்பு கரைஞ்சு போச்சு, திரும்ப ஸ்குறூ மட்டும் போட்டால் பிடிக்க இடமில்லை. இடுப்பெலும்பிலை கொஞ்சம் எடுத்து நிரப்பி, மேலாலை பிளேற் வைச்சு இறுக்க வேணும். அது நல்ல உறுதி. ஆனா வளைச்சுக்கொண்டு இருந்தால் பிளேற்றும் முறியும், அதுக்குப் பிறகு ஒட்டுறதுக்கு எலும்பே மிஞ்சாது. சொல்லுக் கேளாத ஆளுக்கு அந்த ஒப்பரேசனைச் செய்யிறது அவருக்குச் செய்யிற தீங்கு எண்டார். அப்பிடியெண்டால் முறிஞ்சதைக் கழட்டிப்போட்டு விடுறதுதான். விரல் ஆடும், நோ இருக்கும், கடலுக்குப் போறதை மறக்க வேணும். வியாழக்கிழமை வாங்கோ, இவர் நடக்காமல் இருப்பாரோ இருக்கமாட்டாரோ எண்டு வீட்டு ஆக்கள் யோசிச்சு வந்து சொல்லுங்கோ எண்டு அம்மாவையும் என்னையும் பாத்துச் சொன்னார். அப்பாவைப் பாக்கேல்லை.

வீட்டை வந்து படலையைச் சாத்தினாப் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தா. கத்தேல்லை. கத்தியிருந்தால் நல்லம்.

"நான் அந்த மாதாவுக்கு முன்னாலை முழந்தாளிலை நிண்டு பிச்சை கேக்கேக்கை, நீங்கள் பக்கத்திலை நிண்டு கேட்டுப்போட்டு, கள்ளமா எழும்பிப் போய் நடந்திருக்கிறியள். எனக்கில்லை, மாதாவுக்குச் செய்திருக்கிறியள் இதை."

அப்பா ஓம் எண்டார். பிழைதான் எண்டார். சின்னப் பெடியன் மாதிரி தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார், அந்தச் சப்பாத்தோடை.

பின்னேரம் அம்மா கடைக்குப் போன நேரம் நான் அவரிட்டைப் போனன். பின்வளவிலை தண்ணித் தொட்டிக் கட்டிலை இருந்தவர். ஏனப்பா எண்டு கேட்டன். அவ தெரியாமல் செய்தது, எங்கள் மூண்டு பேருக்கும் தெரியாது, அம்மாவிலை பிழையில்லை எண்டு சொல்லுவம் எண்டன்.

"பிழையில்லை எண்டு நாங்கள் சொல்லுவம் குஞ்சு. அவ தனக்குச் சொல்லுவாவோ?"

நான் அவருக்குப் பக்கத்திலை தொட்டிக் கட்டிலை குந்தினன்.

"அண்ணை போனது தான் செபம் சொல்லாமல் விட்டதாலை எண்டு நினைக்கிறா. இது செபம் சொன்னதாலை எண்டு கேள்விப்பட்டால், பிறகு அவ எங்கை போறது?"

டொக்டரிட்டை மட்டும் ஒளிச்சுச் சொல்லுவம், அவரைக்கொண்டு முழந்தாளிலை நிக்கக்கூடாது எண்டு சொல்லுவிப்பம் எண்டன். எனக்கு அது நல்ல யோசனையாத்தான் பட்டது. அப்பா தலையை ஆட்டினார். டொக்டர் அந்த வார்த்தையைச் சொன்ன அடுத்த நிமிசம் உன்ரை அம்மா பின்னுக்குப் போய்க் கணக்குப் பாத்திடுவா, அவ என்ன விளங்காத ஆளோ எண்டார். அது சரிதான். அப்ப பிளேற் போட்டாப் பிறகும் நிக்கப்போறியளோ எண்டு கேட்டன். தொட்டிக்குள்ளை கையை விட்டுத் தண்ணியைச் சும்மா அளைஞ்சுகொண்டு இருந்தார். விரல் போனால் போகுது, கிறகோரியோடை கரையிலை நிண்டு ஏதும் செய்யலாம் எண்டார். கரையிலை நிக்கிற அப்பாவை என்னாலை நினைச்சுப் பாக்கவே ஏலாதடி.

அண்ணையைக் கொண்டுபோன கடலுக்கு ஏன் போறியள் எண்டு ஊரே கேட்டது. அவர் அங்கை இருக்கேக்கைதான் பெடியனுக்குக் கிட்ட இருக்கிற மாதிரி இருக்கு எண்டு அம்மாவுக்குச் சொன்னதை நான் ஒருக்காக் கேட்டனான். இப்ப அதையும் விடுறன் எண்டுறார்.

இனித்தான் கேள். பொழுதுபட அம்மா மெழுகுதிரியைக் கொளுத்தினா. நான் நினைச்சன் இண்டைக்கு அவ கோவத்திலை செபம் சொல்ல மாட்டா எண்டு. இல்லை. புது நேர்த்தி வைக்கிறன் எண்டா. பிளேற் போட்டு வீட்டை வந்த நாளிலை இருந்து திரும்பவும் முழந்தாளிலை, இந்த முறை ஒண்டில்லை, ரெண்டு செபமாலை. ஒண்டு விரலுக்கு, மற்றது அப்பா செய்த கள்ளத்துக்கு. இண்டைக்கே தொடங்குவம் எண்டு அப்பாவைப் பாத்தா.

அப்பா கதிரையிலை இருக்கட்டும் அம்மா, கால் வீங்கியெல்லோ கிடக்கு எண்டன்.

"கரைக்கு நடக்கேக்கை நோகாத கால், கடவுளுக்கு முன்னாலை வந்தால்தான் நோகுமோ?"

அப்பா சப்பாத்தைக் கழட்டினார். அம்மா ஒரு முழங்கையைப் பிடிச்சா. கோவத்திலையும் பிடிச்சாவடி, விழுந்திடுவார் எண்டு. மற்றதை நான் பிடிச்சன். பாதத்தைப் படுக்க வைச்சு நில்லுங்கோ எண்டு காதுக்குள்ளை சொன்னன். செய்து பாத்தார். வீங்கின இடம் நிலத்திலை அழுத்த அவருக்கு மூச்சு நிண்டு போச்சு. திரும்ப விரலை ஊண்டினார். முதல் மாதிரி விறைப்பு இல்லை இப்ப, எல்லாம் நோகுது. அவர் அருள்நிறை மரியேயைச் சத்தமாச் சொன்னார், வழமையை விடச் சத்தமா, எனக்குத் தெரியும் ஏன் எண்டு. சத்தம் குறைஞ்சால் அழுதிடுவார். அம்மா நினைச்சா மனம் திரும்பிற்றுது எண்டு. ரெண்டாவது பத்திலை அவவும் அழுதா, கையை நீட்டி அப்பான்ரை தோளிலை வைச்சா. மன்னிச்சிட்டா. டிலக்ஷி, செய்யாத பிழைக்கு மன்னிச்சிட்டா, அந்த நேரமும் அந்த முறிஞ்ச ஸ்குறூவுக்கு மேலை அவர் நிண்டுகொண்டு இருக்கிறார். நான் என்ரை நாக்கைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். ரத்தம் வந்தது, உண்மையா.

செபம் முடிய அம்மாதான் அவரைத் தூக்கிக் கட்டிலிலை இருத்தினவ. சுடுதண்ணி கொண்டந்து வீங்கின பாதத்தைத் துடைச்சு, தலகாணியை வைச்சு உயத்தி விட்டா. "இனி நடவாதையுங்கோ, எனக்கு இனி ஆரும் இல்லை" எண்டா. அப்பா அவவின்ரை தலையைத் தடவினார். நான் குசினிக்குள்ளை போய் நிண்டு அழுதன்.

கேள், இதுதான் கடைசி. கொஞ்சம் முதல் அம்மா என்ரை பாயடிக்கு வந்து இருந்தா. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன். அவ என்ரை தலைமயிரை ஒதுக்கிவிட்டுப்போட்டு, ரகசியம் மாதிரி கேட்டா.

"பிள்ளை, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. எங்கடை வாசல் கொளுக்கி எடுக்கிற சத்தத்துக்கு நான் எந்த நித்திரையிலையும் முழிப்பன். அப்பா எப்ப எழும்பிப் போனவர்? நீ கண்டனியோ?"

நான் நித்திரை மாதிரிக் கிடந்தன். அவ யோசிக்கிறது எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு, சரி படு, விடியக் கேக்கிறன் எண்டு எழும்பிப் போட்டா. இன்னும் படுக்கேல்லை அவ. அங்காலை புரண்டு புரண்டு கிடக்கிற சத்தம் கேக்குது.

கண்டனான் எண்டு சொன்னால் அவ அதை வியாழக்கிழமை டொக்டரிட்டைச் சொல்லுவா, அப்பாவுக்குப் பிளேற் இல்லை. இல்லாட்டில், டொக்டர் பாவம் பாத்துப் போட்டாலும், அப்பா ரெண்டு செபமாலை முடியுமட்டும் அதுக்கு மேலை நிண்டு அதையும் முறிப்பார். காணேல்லை எண்டு சொன்னால், இப்ப கிடந்து யோசிக்கிற இந்த யோசனையை அவ முழந்தாள் வரைக்கும் யோசிச்சு முடிச்சிடுவா. பிறகு அந்தச் சுரூபம் அலுமாரிக்குள்ளை போகும். அவவும் அதோடை போயிடுவா, அதுதான் எனக்குப் பயம்.

விடிஞ்சால் முதல் கேள்வி அதுதான். நான் என்னடி சொல்லுறது, கண்டனான் எண்டோ, காணேல்லை எண்டோ?